2,800 ரூபாய் வகுப்பும் ஒரு வாழைத்தோட்டக் கிணறும்

போன ஐப்பசியில் ஒரு அட்டைப்பட வேலை வந்தது. சிறுவர் கதைப் புத்தகம். பத்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி கடலுக்குள் முங்கி, மணலில் கிடக்கும் சங்கை எடுக்கிறாள். முன்னட்டை முழுக்கத் தண்ணீர்தான். தூத்துக்குடியில் பிறந்து, எட்டு வருஷமாக டிஜிட்டலில் கேரக்டர் வரைந்து பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்குமா? உடனே ஒப்புக்கொண்டேன். வண்ணம் தீட்டிய முதல் படத்தை அனுப்பியதும் எழுத்தாளரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "பிள்ளை நீல பல்பு எரிகிற ரூமில் தொங்குவது மாதிரி இருக்கிறது."

கோபம் வந்தது. அப்புறம் படத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. மிதக்கும் முடி, மேலே எழும் குமிழி, பின்னால் இரண்டு மீன் எல்லாம் இருந்தன. வெளிச்சம் மட்டும் அறை வெளிச்சம்.

இந்த வகுப்பை வாங்கியது அதற்காகத்தான். நீருக்கடியில் இருக்கும் மனித உருவங்களுக்கு வெளிச்சம் தீட்டுவது எப்படி என்று ஒரு வெளிநாட்டு ஓவியர் நடத்தும் பதிவு வகுப்பு. 23 வீடியோ, மொத்தம் ஆறரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. தள்ளுபடி போக 2,800 ரூபாய். அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுவதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். குறையும் சொல்லப்போகிறேன், அவரும் என்னைப் போலப் படம் போட்டு வயிறு கழுவுகிறவர். தவிர, நான் எட்டிப் பார்த்தவரை இந்த ரக வகுப்புகள் எல்லாவற்றிலும் பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குறையும் ஒன்றுதான்.

முதலில் நல்லது. தண்ணீரின் மேல்பரப்பில் அலை நெளிய, கீழே தரையில் ஒளி வலை மாதிரி ஆடுமே, அதை ஆங்கிலத்தில் காஸ்டிக்ஸ் என்கிறார்கள். எனக்கு முதலில் சோப்புக் காய்ச்சும் காஸ்டிக் சோடாதான் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'எரிப்பது' என்று பொருள். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குகிற அதே வேலையைத்தான் அலையின் ஒவ்வொரு மேடும் செய்கிறது. நான் இதை வெளிச்ச வலை என்றே சொல்லப் போகிறேன். வகுப்பின் தானியங்கி வசனத்தில், அவர் காஸ்டிக்ஸ் என்று சொன்ன இடமெல்லாம் 'காஸ்ட்லி' என்று ஓடியது. 2,800 கொடுத்தவளுக்கு அது வேறு மாதிரி வலித்தது.

அந்த வலைக்கு அவர் மூன்று வீடியோ ஒதுக்கியிருக்கிறார், ஏழு முதல் ஒன்பது வரை. வகுப்பிலேயே தங்கம் இதுதான். பெரும்பாலோர் இணையத்தில் கிடைக்கும் வலைப் படம் ஒன்றை இறக்கி, கேரக்டர் மேல் போட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். இவர் கையால் வரையச் சொல்கிறார். கோணல்மாணலான அறைகளாகக் கோடு போட வேண்டும், ஆமை ஓட்டின் கட்டங்கள் போல. கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருந்தால் அது மீன்வலை ஆகிவிடும். இரண்டு மூன்று கோடுகள் சந்திக்கும் முடிச்சில் வெளிச்சம் திரண்டு பிரகாசமாக இருக்கும். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே இழை மெலிந்து சில இடங்களில் அறுந்தே போகும். கோட்டின் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் புகைந்தும் இருக்க வேண்டும். இவ்வளவையும் பேசிக்கொண்டே, ஒரு கையளவு வலையை நான்கு நிமிடத்தில் போட்டுக் காட்டுகிறார். அந்த நான்கு நிமிடத்தை நான் ஒன்பது தடவை பார்த்தேன்.

அடுத்த வீடியோ அந்த வலையை உடம்பின் மேல் மடிப்பது பற்றி. முழங்கை உருளை, தோள் பந்து, நெஞ்சுக்கூடு பீப்பாய். தட்டையான வலையை அப்படியே ஒட்டினால் உடம்பும் தட்டையாகிவிடும். அவர் ஃபோட்டோஷாப்பில் செய்கிறார். நான் கிரிட்டாவில் வேலை செய்கிறவள். இலவச மென்பொருள்தான், ஆனால் இந்த வேலைக்கு எதுவும் குறையவில்லை. டிரான்ஸ்ஃபார்ம் கருவிக்குள்ளேயே படத்தை வளைக்கும் வார்ப், கேஜ், லிக்விஃபை வசதிகள் எல்லாம் இருக்கின்றன. கேஜில் கையைச் சுற்றிப் புள்ளி வைத்து இழுத்தால் வலை கையோடு வளைந்து கொடுக்கிறது. மேலிருந்து ஒளி படாத இடத்தில், அதாவது தாடைக்கு அடியில், கையின் கீழ்ப்பக்கத்தில், பாவாடை மடிப்புக்குள், வலையைச் சுத்தமாக அழித்துவிட வேண்டும். அந்த இடங்களில் மணலில் பட்டுத் திரும்பும் மெத்தென்ற வெளிச்சம் மட்டும் இருக்கும். என் முதல் படத்தில் பிள்ளையின் உள்ளங்காலிலும் வலை ஓடிக்கொண்டிருந்தது. ரூமில் தொங்குவது மாதிரி இருந்ததற்குப் பாதிக் காரணம் அங்கேயே பிடிபட்டது.

முடி, துணி, குமிழி மூன்றுக்கும் ஆளுக்கொரு வீடியோ. சுமார்தான். சின்னக் குமிழி உருண்டையாகவும் பெரிய குமிழி மேலே போகப் போக நசுங்கிக் காளான் குடை போலவும் ஆகும் என்று அவர் சொன்ன ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்.

சிக்கல் பதினாலாவது வீடியோவில்தான். மாலை நேரக் கடலடிக் காட்சி. சூரியன் மறையப் போகிறது என்பதற்காக, ஜன்னலில் நுழையும் சாயங்கால வெயில் மாதிரி, ஒளிக்கற்றைகளைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டுக்கொண்டே போகிறார். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் தப்பு.

ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது செங்குத்தை நோக்கி மடங்குகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.333. அந்தக் கணக்கில், சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தண்ணீருக்குள் கதிர் செங்குத்திலிருந்து 48.6 டிகிரிக்கு மேல் சாய முடியாது. அலை இருந்தால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். படுக்கைவாக்கில் வரவே வராது.

இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். படத்தில் அவர் போடும்போது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் என் தாய்மாமா. முப்பது வருஷம் சங்கு குளித்தவர். முதலில் மூச்சைப் பிடித்து, பிற்காலத்தில் படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து டியூபில் காற்று வாங்கி. வீட்டுக்கு வந்தவரிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எந்தக் கடலு?"

"சும்மா, கற்பனை மாமா. சாயங்காலம்."

"ஏட்டி, சாயங்காலம் ஆனா தண்ணிக்குள்ள வெளிச்சம் சாயாது. மங்கும். அம்புட்டுத்தான்."

அப்புறம் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். சங்கின் விளிம்போ பாரோ (கடலடிப் பாறை) கீறிக் கை அறுந்தால், அடியில் இருக்கும்போது ரத்தம் கருப்பச்சையாகத் தெரியுமாம். மேலே வந்து பார்த்தால்தான் சிவப்பு. "செவப்புத் துணி கட்டிக்கிட்டு எறங்குனா, பத்துப் பாகத்துல அது செவப்புன்னு நீ சத்தியம் பண்ணித்தான் சொல்லணும்" என்றார். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி. இதற்கும் கணக்கு இருக்கிறது. தெளிந்த நீரிலேயே ஆழ்ந்த சிவப்பொளி ஒரு மீட்டரில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். மூன்று மீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பத்து மீட்டரில் துடைத்த மாதிரி ஆகிவிடும். நீலம் மட்டும் வெகுதூரம் தாங்கும். மேலிருந்து கீழே வரும் தூரம் மட்டும் இல்லை. பொருளிலிருந்து நம் கண்ணுக்கு வரும் தூரமும் இதில் சேரும். இந்தக் கடைசி விஷயத்தை வகுப்பில் நன்றாகவே சொல்லியிருக்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மாமாவோடு கடலுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஆசை. மழைக்காலம், கடல் ஒரே கலக்கு. முங்கினால் உன் கையே உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். சரி, கிணறாவது பார்ப்போம் என்று கார்த்திகைக் கடைசியில் திருவைகுண்டம் பக்கம் பெரியம்மா வீட்டு வாழைத்தோட்டத்துக்குப் போனேன். நான் நீச்சல் கற்ற கிணறு அது. 250 ரூபாய்க்கு ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். பெரியம்மா மகன் மேலே நின்றான், அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்ற முகத்தோடு.

நண்பகல். படியைப் பிடித்து ஆளுயரத்துக்கு இறங்கி, தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். தலைக்கு நேர் மேலே ஒரு பெரிய வட்டத் தட்டு. அந்தத் தட்டுக்குள்ளே உலகமே இருந்தது: வானம், கிணற்று விளிம்பு, சாய்ந்து நிற்கும் தென்னை, ஓரத்தில் நசுங்கிப்போய்த் தம்பியின் தலை. தட்டுக்கு வெளியே மேல்பரப்பு கண்ணாடியாகி, கிணற்றுச் சுவரின் பாசியையும் என் காலையும் தலைகீழாகக் காட்டியது. ஸ்னெல் சாளரம் என்று சொல்வார்கள். 97 டிகிரி விரிவுள்ள கூம்பு. ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து பார்த்தால் தட்டின் குறுக்களவு இரண்டே கால் மீட்டர் வரும். சின்னப் பிள்ளையில் எத்தனை தடவை இதே கிணற்றில் முங்கியிருப்பேன், ஒரு தடவை மேலே பார்த்ததில்லை. காசை எடுக்கக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

23 வீடியோவில் இந்த வட்டம் ஒரு இடத்திலும் வரவில்லை. எல்லாப் படத்திலும் மேலே ஒரு வெள்ளை மூட்டம், அவ்வளவுதான். கேரக்டரைக் கீழிருந்து பார்க்கும் கோணத்தில் வரைகிறவருக்கு இது பெரிய இழப்பு. பிள்ளையின் தலைக்குப் பின்னால் அந்த வட்டத்தை வைத்தாலே போதும், படம் பார்க்கிறவர் தண்ணீருக்குள் இறங்கிவிடுவார்.

கிணற்றில் இன்னொன்றும் கண்டேன். முன்கையை வெயில் படும்படி நீட்டிப் பார்த்தேன். வலை ஓடியது. பளபளப்பு இல்லை. தண்ணீரை விட்டு வெளியே எடுத்ததும் கை எண்ணெய் தடவியது போல மின்னியது. உள்ளே போனதும் வெல்வெட் துணி. தோலின் ஒளிவிலகல் எண்ணும் தண்ணீரின் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், தண்ணீருக்குள் தோல் மேல்பரப்பில் ஒளி எதிரொளிப்பதில்லை என்றே சொல்லலாம். வகுப்பில் அவர் மூக்கு நுனி, தோள்பட்டை, உதடு எல்லாவற்றிலும் ஈர மினுக்கு வைக்கிறார், 'நனைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்' என்று காரணமும் சொல்கிறார். மழையில் நனைந்தவளுக்கு அது சரி. முங்கியிருப்பவளுக்குக் கிடையாது. கணக்குப்படி கண்மணியில் வைக்கும் வெள்ளைப் புள்ளிகூட அநேகமாக மறைந்துவிட வேண்டும். அதை மட்டும் நான் கேட்கவில்லை, ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். சிறுவர் புத்தகத்தில் பிள்ளையின் கண் செத்த மீன் கண் மாதிரி இருந்தால் யார் வாங்குவார்?

இனி என் பெரிய மனத்தாங்கல். வகுப்பு முழுக்க அவர் வரையும் உருவம் ஒன்றே ஒன்றுதான்: வெளுத்த தோலுள்ள ஒரு கடல்கன்னி. அந்தத் தோலுக்கு அவர் முறை கச்சிதமாக வேலை செய்கிறது. நம் தோலுக்குச் செய்யவில்லை.

எண்ணாகவே சொல்கிறேன். கணினியில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. தண்ணீர் நிறத்துக்கு அவர் 70, 150, 170 என்ற பச்சைநீலத்தை மல்ட்டிப்ளை லேயராக, அதாவது அடியிலுள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் அடுக்காக, மேலே போடுகிறார். அவருடைய கடல்கன்னியின் தோல் ஏறத்தாழ 235, 200, 180. பெருக்கி 255-ஆல் வகுத்தால் 65, 118, 120 வருகிறது. அழகான கடல் நிறம். என் பிள்ளையின் தோல் 141, 96, 70. அதே கணக்கில் 39, 56, 47. சேறு. அதில் முகவெட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. மாநிறம் என்பதே இருண்ட ஆரஞ்சு. அதிலிருந்து சிவப்பை அந்த அளவுக்கு உருவினால் மிச்சம் என்ன இருக்கும்?

அடுத்த அடி, வெளிச்ச வலையை அவர் ஸ்கிரீன் முறையில், அதாவது அடியிலுள்ள நிறத்தை வெளிறச் செய்யும் முறையில், போடுவது. வெளுத்த தோலில் வித்தியாசம் தெரியாது. கறுத்த தோலில் ஸ்கிரீன் வெள்ளையைக் கொண்டுவந்து கலக்கிவிடும். பிள்ளையின் தோளில் யாரோ சுண்ணாம்பால் கோலம் போட்ட மாதிரி ஆயிற்று. வகுப்பின் கேள்விப் பகுதியில் இரண்டு படத்தோடு இதைக் கேட்டேன். பதினோரு நாள் கழித்து ஒரு வரி வந்தது: லேயரின் அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள். குறைத்தால் தண்ணீரும் சேர்ந்து போய்விடுகிறது என்று திரும்ப எழுதினேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கடைசியில் நானே தடவித் தடவிக் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பிள்ளை இருப்பது இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில். ஆகவே சிவப்பை முழுக்க உருவ வேண்டிய அவசியமே இல்லை. மல்ட்டிப்ளை நிறத்தில் சிவப்பை 70-லிருந்து 115-க்கு ஏற்றினேன், பச்சையையும் நீலத்தையும் இன்னும் வெளிறச் செய்தேன். தோலின் மேல் ஒரு வேலை, தண்ணீரின் மேல் ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டேன்: நமக்கும் பிள்ளைக்கும் நடுவே நிற்கும் தண்ணீரின் மூட்டத்துக்குத் தனியாக, மிக மெல்லிய ஸ்கிரீன் லேயர். வலையைக் கலர் டாட்ஜுக்கு மாற்றினேன். டாட்ஜ் அடியில் இருக்கும் நிறத்தையே பெருக்கிக் காட்டும். வலையின் இழை ஒவ்வொன்றும் பிள்ளையின் தோல் நிறத்திலேயே, வெயில் பட்ட செம்பு மாதிரி எழுந்து வந்தது. அந்த நிமிடம் நாற்காலியை விட்டு எழுந்து அடுக்களைக்குப் போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். "நல்லாருக்கு, பாவாடைய ஏன் இவ்ளோ நனைச்ச" என்றாள்.

பாவாடையை முதலில் சிவப்பாக வைத்திருந்தேன். மாமா பேச்சுக்குப் பிறகு அடர் ஊதா கலந்த பழுப்பாக மாற்றிவிட்டு, தண்ணீருக்கு மேலே தெரியும் படகில் அதே துணியில் ஒரு கிழிசலை மட்டும் பளீர்ச் சிவப்பில் தொங்கவிட்டேன். எழுத்தாளர் இரண்டும் ஒரே துணி என்று கண்டுபிடித்துவிட்டார். படம் தேறியது.

வாங்கலாமா என்று கேட்டால், வலை போடத் தெரியாதவர்கள் வாங்கலாம். அந்த மூன்று வீடியோவுக்கே பணம் சரியாகப் போகும். தள்ளுபடி அடிக்கடி வருகிறது, முழு விலை கொடுக்காதீர்கள். கூடவே தரும் தூரிகைக் கோப்புகள் ஃபோட்டோஷாப்புக்கானவை. கிரிட்டாவில் திறந்தால் தூரிகையின் நுனி வடிவம் வந்துவிடும். பேனா அழுத்தம் முதலிய அமைப்புகளை நாம்தான் உட்கார்ந்து வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கு ஒரு மதியம் பிடித்தது. லேயர் பிரித்த கோப்புகள் ஐந்து தருவதாக விளம்பரத்தில் இருந்தது, என் கணக்கில் மூன்றுதான் இருக்கின்றன. 8 ஜிபி லேப்டாப்பில் அவர் சொல்லும் அளவில் கோப்பைத் திறந்தால் மின்விசிறி கப்பல் ஹாரன் மாதிரி கத்தும்; பாதி அளவில் தொடங்குங்கள். பதினாலாவது வீடியோவைத் தாண்டிப் போய்விடலாம். ஏழாவதை மட்டும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், பதினேழாவது நிமிடத்தில் அவர் வாயால் சொல்லாமலே இன்னொரு லேயருக்குத் தாவிவிடுகிறார்.